யூனா கோட்டை மாட்டிக்கொண்ட சனிக்கிழமை

அன்புள்ள அம்மாவுக்கு,

உங்கள் முழங்கால் வலி குறைந்ததா? கோபன்ஹேகனில் நான் நலம்.

யூனா ஆணா பெண்ணா என்று கேட்டிருந்தீர்கள். இரண்டும் இல்லை. அப்படிப்பட்டவர்கள்மீதுதான் எனக்குக் காதல் வரும். அதற்குச் சீட்டரோசெக்சுவல் என்று பெயர். சனிக்கிழமை விருந்தில் எல்லார் முன்னாலும் அதைப் பெருமையாகச் சொன்னேன். யூனா எழுந்து கோட்டை மாட்டிக்கொண்டார்.

"உனக்கு என்னைப் பிடிச்சிருக்கா, இல்ல நான் எந்த ரகமோ அதையா?"

"ரெண்டும்தான்," என்று சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. மறுநாள் பெட்டியோடு எங்கள் வீட்டைவிட்டுப் போய்விட்டார்.

கவலைப்படாதீர்கள். இனி கம்பளிக் காலுறை எனக்கு மட்டும் ஒரு ஜோடி பின்னினால் போதும். நம் ஊர்ப் பழுப்புப் பாலாடைக்கட்டியும் அனுப்புங்கள். இங்கேயும் கிடைக்கிறது, இருந்தாலும் அனுப்புங்கள்.

வேலைக்கு நேரமாகிவிட்டது. யூனா போனதை அப்பாவிடம் சொல்லாதீர்கள். சந்தோஷப்படுவார்.

டோர்டிஸ்