அட்டைக்கு வெளியே இருபது புளியங்கொட்டை

அக்கா,

துவைக்கலாம் என்று பழைய துணிப்பையை உதறினேன். தையல் ஓரத்திலிருந்து ஒரு புளியங்கொட்டை விழுந்தது. உங்கள் ஊருக்கு நான் கொண்டுவந்த இருபதில் ஒன்றாகத்தான் இருக்கும். நீங்கள் கண்ணை மூடி ஐந்து மாதமாகிறது. பையை மறந்து, கொட்டையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன்.

எனக்கு நீங்கள் இரண்டு வயது இளையவர். முதல் நாள் தெரியாமல் அக்கா என்று கூப்பிட்டது அப்படியே நிலைத்துவிட்டது. நீங்களும் கடைசிவரை ‘டாக்டரம்மா’வை விடவில்லை.

ராஜபாளையத்துக்கு மேற்கே உள்ள ஊர்களில் ஆடுகளோடு சேர்க்க எந்த மாதிரிக் கிடாய்களைக் கொடுக்கலாம் என்று கேட்டு எழுதத்தான் அன்று வந்தேன். எடை, உயரம், நிறம், குட்டிகளின் எண்ணிக்கை, நோய் தாங்கும் உடம்பு என்று ஐந்து அட்டைகளைப் பரப்புவேன். ஆடு வளர்ப்பவர்களிடம் ஆளுக்கு இருபது புளியங்கொட்டை கொடுப்பேன்; எது முக்கியமோ அதில் கூடுதலாகக் கொட்டை வைக்க வேண்டும். கேட்பது வெறும் சம்பிரதாயத்துக்குத்தான். மூன்று குட்டி போடும் ஆடுகள் ஈன்ற கிடாய்களைத்தான் கொடுப்பது என்று முன்பே முடிவு செய்து, மேலதிகாரியிடமும் சொல்லியிருந்தேன்.

மில்லில் ஷிப்ட் முடித்து, தலையில் ஒட்டிய பஞ்சோடு வந்தீர்கள். இருபது கொட்டைகளையும் அள்ளி, அட்டைகளை விட்டு வெறும் தரையில் குவித்தீர்கள்.

“அக்கா, அட்டை மேல வைங்க” என்றேன், நாற்காலியில் உட்கார்ந்தபடியே. எரிச்சல்தான்.

“எனக்கு வேண்டியதுக்கு நீங்க அட்டை போடலியே டாக்டரம்மா.”

“அப்படி என்ன வேணும்?”

“குட்டிய அண்டவிட்டு, தானாப் பால் குடுக்குத ஆடு வேணும். காம்பு ரெண்டுதான இருக்கு? மூணாவதுக்கு யாரு பாட்டில் புடிப்பா? நான் விடியமுன்ன மில்லுக்குப் போயிருவேன். போன மழைக்கு ரெண்டு குட்டி அப்படித்தான் போச்சு. வந்து பாக்கேன், வெறச்சுக் கெடக்கு.”

“ஏட்டி, நல்லாச் சொல்லு!” என்றார் பின்னால் நின்றவர். அடுத்து வந்த பெண்களும் தரையிலேயே கொட்டை வைத்தார்கள். பதினைந்து வருஷமாக ஆட்டுமடியை அமுக்கிப் பார்த்து மருந்து எழுதியவள் நான். காம்பை எண்ணத் தோன்றவில்லை.

ஸ்ரீவில்லிபுத்தூர் ஆபீசுக்குத் திரும்பி, சொன்னதை நானே மாற்றிச் சொன்னேன். “இத முதல்லயே கேட்டிருக்கக் கூடாதா?” என்று திட்டு விழுந்தது. நியாயமான திட்டு. குட்டிகளை ஒதுக்காமல் வளர்க்கும் தாய்களைத் தேடி, அவற்றின் கிடாய்களைத்தான் கொடுத்தோம். அன்று எரிந்து விழுந்ததற்கு உங்களிடம் நான் மன்னிப்பே கேட்கவில்லை. நன்றியும் சொல்லவில்லை.

போன வாரம் விடியற்காலையில் உங்கள் வீட்டுக்குப் போனேன். நாங்கள் கொடுத்த கிடாயின் வழியில் வந்த ஆடு இரட்டைக் குட்டி போட்டிருந்தது. இரண்டும் முட்டி முட்டிக் குடித்தன. தாய் அசையாமல் நின்றது. உங்கள் மகள் மில்லுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள்.

“குட்டிய யாரு பாத்துக்கிடுவா?” என்றேன்.

“அதான் அதுக அம்மா இருக்காள்லா” என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போனாள். எனக்கு அழுகை வந்துவிட்டது, அக்கா.

நாளை ஆலங்குளம் பக்கம் போகிறேன். பையில் எதுவும் எழுதாத அட்டை ஒன்று இருக்கிறது. உங்களைப் பார்த்த நாளிலிருந்து அது இல்லாமல் நான் எந்த ஊருக்கும் போனதில்லை. முதலில் அதைத்தான் வைப்பேன். நாற்காலி கொண்டுவந்தால் வேண்டாம் என்று சொல்லிவிட்டு, தரையில் உட்காருவேன்.