ஹெந்தளை அறை வேண்டாம்

கொட்டாஞ்சேனை,
கொழும்பு 13.
18 ஒக்டோபர் 2025

அன்பு மகள் டில்ஷானிக்கு,

மெல்பேர்னில் நீயும் மருமகனும் சுகமாக இருக்க மாதாவை மன்றாடுகிறேன். நான் நல்ல சுகம். வழக்கத்துக்காக எழுதும் சுகம் இல்லை இது. முழுவதையும் வாசித்தால் உனக்கே விளங்கும்.

போனில் சொல்லலாமே என்று நினைப்பாய். போனில் நான் ஒன்றைத் தொடங்க நீ அழுவாய், நான் வேறு கதைக்குப் போய்விடுவேன். அதனால்தான் எழுதுகிறேன்.

முதலில் ஒரு உண்மை. ஓகஸ்டில் நான் குசினியில் விழுந்தது தண்ணீரில் வழுக்கி அல்ல. உனக்கும் டொக்டருக்கும் அப்படித்தான் சொன்னேன். அதற்கு முன் இரண்டு கிழமையாகவே எழும்பும்போது தலை சுற்றிக்கொண்டிருந்தது. பிரஷர் குளிசை போட்டேனா இல்லையா என்று மறந்து சில நாள் இரண்டு தரம் போட்டிருக்கிறேன். சொன்னால் தனியாக இருக்க விடமாட்டாய் என்று பயந்து மறைத்தேன். அன்று காலை பேக்கரிச் சாமான் விற்கும் சூன் பாண் ஓட்டோ பாட்டுப் போட்டுக்கொண்டு தெருவுக்கு வந்து, விற்று முடித்துத் திரும்பிப் போகும்வரை நிலத்தில்தான் கிடந்தேன். கதவு உள்ளே தாழ்ப்பாள் போட்டிருந்தது. கீழ் வீட்டு ஹாஷிம் என் முனகலைக் கேட்டுக் கதவை உடைத்துக்கொண்டு வந்தான்.

அவசர சிகிச்சைப் பிரிவில் நெற்றியில் ஆறு தையல் போட்டது அவ்வளவு நோகவில்லை. தாதி ஒருவர் என்னைக் கேட்காமல், இந்தத் தாத்தாவைப் பார்க்க ஆர் இருக்கிறார்கள் என்று ஹாஷிமிடம் சிங்களத்தில் கேட்டாரே, அதுதான் நொந்தது. முப்பத்தொரு வருஷம் துறைமுகத்தில் கிரேன் ஓட்டினவன் நான். எத்தனை பேருடைய தலைக்கு மேலால் எத்தனை தொன் பாரத்தைப் பத்திரமாக இறக்கியிருக்கிறேன். எனக்கு ஆர் பொறுப்பு என்று இன்னொருவரைக் கேட்கிறார்கள்.

நீ ஓடி வந்து மூன்று கிழமை நின்று பார்த்தாய். போகும்போது ஹெந்தளை முதியோர் இல்லத்தில் என் பெயரைப் பதிந்துவிட்டு, நவம்பர் முதலாம் திகதி வேன் வரும் என்றாய். நான் தலையாட்டினேன். அந்த நேரம் எனக்கே என்னில் நம்பிக்கை இருக்கவில்லை.

நீ பிளேன் ஏறின அடுத்த கிழமை கிளினிக்குக்குப் போய், டொக்டரிடம் எதையும் மறைக்காமல் சொன்னேன். ஏசுவார் என்று நினைத்தேன், ஏசவில்லை. குளிசை ஒன்றை நிறுத்திவிட்டு, உடற்பயிற்சி கொடுக்கும் றஷ்மி மிஸ்ஸிடம் அனுப்பினார். கையைக் கட்டிக்கொண்டு கதிரையில் இருந்து ஐந்து தரம் எழும்புங்கள் என்றார் மிஸ். இரண்டாவதோடு நின்றுவிட்டேன். விழுந்ததைவிட, பிறகு பயந்து படுத்துக் கிடந்ததுதான் காலின் பலத்தைக் கொண்டுபோனது என்றார்.

பிறகு, திரும்ப என்ன செய்ய ஆசை என்று கேட்டார். விழுந்த நாளிலிருந்து ஒருவரும் என்னிடம் கேட்காத கேள்வி. ஞாயிறு பூசைக்கு ஆரும் பிடிக்காமல் போக வேண்டும், வரும்போது மீன் வாங்கி நானே ஆக்க வேண்டும் என்றேன். எத்தனை படி என்றார். மூன்று மாடி, அம்பத்துநாலு படி என்றேன். அப்படியென்றால் படிக்குத்தான் பழக வேண்டும் என்று எழுதித் தந்தார்.

காலையும் மாலையும் கதிரையில் எழும்பினேன். கை கழுவும் பேசினைப் பிடித்து ஒற்றைக் காலில் நின்றேன். முதல் கிழமை ஒரு மாடி மட்டும். குளிசை இப்போது கிழமை நாள் போட்ட பெட்டியில் இருக்கிறது. மேசன் வந்து குளியலறையில் கைபிடிக் கம்பி பூட்டினான், எங்கே பூட்டுவது என்று பென்சிலால் கோடு போட்டது நான். ஸ்டூலில் ஏறி பல்ப் மாற்றுவதை விட்டுவிட்டேன். அதற்காக நீ பத்து வருஷமாகக் கத்தினாய்.

ஒன்றில் மட்டும் பிடிவாதம் பிடித்தேன். தாழ்ப்பாளைக் கழற்றிவிட்டு, கதவுப் பூட்டின் திறப்பு ஒன்றை அயலில் கொடுங்கள் என்றார் மிஸ். என் வீட்டுத் திறப்பு இன்னொருவர் கையில் இருந்தால் அது என்ன என் வீடு என்று ஒரு கிழமை முறுகிக்கொண்டிருந்தேன். ஒரு பின்னேரம் தேத்தண்ணி குடிக்க வந்த ஹாஷிம் தானாகச் சொன்னான்: அங்கிள், அண்டைக்கு உள்ளே உங்கட சத்தம் கேட்குது, கதவு திறக்குதில்லை, இப்பவும் இந்தக் கதவைத் தாண்டேக்க நான் நிண்டு காது குடுத்துக் கேட்டுட்டுத்தான் போறன் என்று. எனக்கு நடந்ததை மட்டுமே நான் யோசித்திருக்கிறேன், மகள். அவனுக்கு நடந்ததை யோசிக்கவில்லை. அங்கேயே திறப்பைக் கொடுத்தேன். காலை ஏழு மணிக்குள் என் முன் யன்னல் திறக்காவிட்டால் அவன் மேலே வருவான்.

இந்த மாதம் முதல் ஞாயிறு பூசைக்கு இறங்கினேன். இரண்டாம் மாடியில் தலை கிறுகிறுத்தது. முந்தி என்றால் கம்பியைப் பிடித்துக்கொண்டு, ஒருவரும் பார்க்காமல் சமாளித்திருப்பேன். அன்று வெள்ளைச் சட்டையோடு, ஏறி இறங்கும் சனம் எல்லாம் பார்க்க, படியில் இருந்துவிட்டேன். போனை எடுத்து ஹாஷிமை வரச் சொன்னேன். நற்கருணை வாங்க வேண்டுமென்று வெறும் வயிற்றோடு இறங்கினதுதான் காரணம். அன்று பூசை இல்லை. தோற்றுப்போனேன் என்று மிஸ்ஸிடம் சொன்னேன். இல்லை அங்கிள், அந்த இடத்தில் இருந்து ஆளைக் கூப்பிட்டீர்களே, தனியாக இருக்கத் தெரிந்தவர்தான் அப்படிச் செய்வார் என்றார். கொஞ்சம் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டுதான் வீட்டுக்கு வந்தேன்.

அடுத்த ஞாயிறு நேரத்தோடு எழும்பி இரண்டு பிஸ்கட் சாப்பிட்டுவிட்டு இறங்கினேன். வழியில் இரண்டு இடத்தில் நின்றேன். பூசை தொடங்க முன்னமே கோயில் வாங்கில் போய் இருந்தேன். வரும்போது சூடை மீன் வாங்கி, அம்பத்துநாலு படியும் ஏறி, சொதி வைத்தேன். உப்புக் கொஞ்சம் கூடிவிட்டது. மிச்சம் வைக்கவில்லை. கதிரையில் இப்போது பன்னிரண்டு தரம் எழும்புகிறேன்.

இனி உனக்குக் கோபம் வரும் விஷயம். வியாழக்கிழமை பஸ்ஸில் ஹெந்தளைக்குப் போனேன். ஹாஷிம் துணைக்கு வந்தான், நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. நல்ல இடம், மகள். கடல் காற்று வருகிறது. இல்லத்தை நடத்தும் சிஸ்டர் அன்பானவர். நீ எனக்குக் கெட்ட இடத்தைப் பார்க்கவில்லை. ஆனால் என் பெயரை வெட்டச் சொல்லிவிட்டு வந்தேன். எனக்குத் தேவைப்படும் நாளில் நானே வந்து கேட்பேன் என்று சிஸ்டரிடம் சொன்னேன். உன்னைக் கேட்காமல் செய்தது பிழை, மன்னித்துக்கொள்.

ஏர்போட்டில் நீ அழுதது ஏன் என்று எனக்குத் தெரியும். அப்பா நிலத்தில் கிடந்த நேரம் நான் கடல் தாண்டி இருந்தேனே என்று உன்னை வதைக்காதே. பக்கத்து அறையில் நீ இருந்திருந்தாலும் தலைச்சுற்றை மறைத்துத்தான் இருப்பேன். இனி மறைக்க மாட்டேன். தலை சுற்றினால் அன்றே உனக்குச் சொல்வேன். சொன்னவுடன் வேன் அனுப்பாமல், பிறகு என்ன செய்தீர்கள் அப்பா என்று நீ கேட்க வேண்டும். அது ஒன்றைத்தான் உன்னிடம் கேட்கிறேன்.

நத்தார் பண்டிகைக்கு லீவு கிடைத்தால் இரண்டு பேரும் வாருங்கள். என்னைக் கூட்டிப்போக வராதே மகள், என் வீட்டுக்கு விருந்தாளியாக வா.

எங்கே இருந்தாலும் மாதாவின் கை உன் தலைமேல் இருக்கட்டும்.

உன்னை நினைத்தபடி,
அப்பா
செபஸ்தியன்