மிஞ்சிய சீட்டு

டிசம்பர் 21

வாலு அப்பாவுக்கு,

இங்கே நலம். உங்கள் நலம் கேட்டால் லிஃப்டுக்குக் கம்பிவடம் மாற்றிய கதையைத்தான் எழுதுவீர்கள், ஆனாலும் கேட்கிறேன். போனில் பேசினால் இரண்டாவது நிமிடமே நமக்குள் சண்டை வந்துவிடுகிறது. காகிதம் குறுக்கே பேசாது பாருங்கள், அதனால்தான் எழுதுகிறேன்.

இன்று மாலை கமுக்கச் சீட்டு எடுத்தோம். நீங்கள் வேலைக்கென்று வெளியூர் போய் எட்டு மாதம் ஆகிறதே, நம் குடியிருப்பு வழக்கமெல்லாம் மறந்திருக்கும். விடுமுறை பத்து நாளும், யார் சீட்டு கைக்கு வந்ததோ அவருக்குத் தினம் ஒரு நல்ல காரியம், கண்ணில் படாமல் செய்ய வேண்டும். கடையில் வாங்கித் தரக்கூடாது, கையால் செய்ய வேண்டும். முப்பத்தொன்றாம் தேதி மாலை ஐந்து மணிக்கு அவர் கதவைத் தட்டி "நான்தான்" என்று சொல்ல வேண்டும். ஒரு சீட்டுக்கு ஒரு ஆள்தான் தட்டலாம். போன வருடம் மூன்றாம் மாடி வக்கீலின் சைக்கிளுக்குத் தினம் எண்ணெய் போட்டது நம் வாலு என்று தெரிந்ததும் அந்தச் சிடுமூஞ்சி அழுதாரே, அதுகூடவா மறந்துவிட்டது?

சீட்டு எழுதுவது எப்போதும் போல நான்தான். கண்ணாடிக் கடையில் மதியம் கூட்டமில்லாத நேரம், லென்ஸ் தேய்க்கும் மிஷினை நிறுத்திவிட்டுப் பழைய பட்டியலைப் பார்த்து எழுதினேன். உங்கள் பெயரை ஞாபகமாக விட்டுவிட்டேன். வாலு பெயரை எழுதியிருக்கிறேன். வேண்டுமென்று இல்லை, கை பழகிப்போயிருக்கிறது. ஆள் இருபத்தைந்து, சீட்டு இருபத்தாறு.

என் கைக்கு வந்தது வாலுவின் சீட்டு. எல்லோரும் எடுத்த பிறகு பெட்டியில் ஒன்று மிஞ்சியது. குடியிருப்புச் செயலாளர் பார்ப்பதற்குள் எடுத்துப் பிரித்தேன். என் பெயர். எண்ணிக்கை தப்பு என்று சொல்லி இடுப்பில் செருகிக்கொண்டேன். என்னை எடுக்க வேண்டியவள் வரவில்லை, அவ்வளவுதானே.

முப்பத்தொன்றாம் தேதி ஐந்து மணிக்கு எல்லாக் கதவையும் தட்டுவார்கள். நம் கதவை யாரும் தட்ட மாட்டார்கள். அந்த நேரம் தனியாக இருக்க எனக்குப் பயமாக இருக்கிறது. வாருங்கள். சண்டை போட மாட்டேன்.

வாலு அம்மா

டிசம்பர் 23

அன்புள்ள வாலு அம்மாவுக்கு,

கடிதம் கிடைத்தது. நான்கு தடவை படித்தேன். அந்தச் சீட்டைக் கிழித்துப் போட்டுவிடு. பெற்ற மனம் பித்து என்பார்கள், அதற்காகப் பித்துக்கு நாமே பாய் விரிக்கக்கூடாது.

இங்கே ஆஸ்பத்திரி லிஃப்ட் இரண்டுக்கும் வருடாந்திரச் சோதனை. விடுமுறையில்தான் ஆள் குறைவாக இருக்கும் என்று அந்த நாட்களில் வைத்துவிட்டார்கள். லீவு கேட்டுப் பார்க்கிறேன். ஒழுங்காகச் சாப்பிடு. வருவதைப் பற்றி அப்புறம் பார்க்கலாம்.

வாலு அப்பா

டிசம்பர் 26

வாலு அப்பாவுக்கு,

"பார்க்கலாம்" என்று மட்டும் எனக்கு எழுதாதீர்கள். அந்த வார்த்தை நம் வீட்டில் என்ன செய்தது என்று உங்களுக்குத் தெரியும்.

சரி, அதை விடுங்கள். நீங்கள் கழுவுகிற மீனில் நழுவுகிற மீன் என்றாலும் இந்தத் தடவை கையும் களவுமாகப் பிடித்துவிட்டேன். இருபத்து மூன்றாம் தேதி கடையிலிருந்து வந்தால் வாசல் மிதியடி தட்டிப் போட்டிருக்கிறது. மறுநாள் சமையலறைக் குழாய் சொட்டவில்லை. உள்ளே வந்து வாஷர் மாற்றியிருக்கிறார்கள். யாரிடமோ சாவி கொடுத்துச் செய்யச் சொல்லியிருக்கிறீர்கள். எனக்குக் கோபமில்லை. நாற்காலியில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் அழுதேன், அவ்வளவுதான்.

ஆனால் நேற்றைய காரியத்தை யார் சொல்லிக் கொடுத்தது? கடைக்குக் கிளம்பும்போது என் செருப்பு வாசலைப் பார்த்துத் திருப்பி வைத்திருந்தது. இடதும் வலதும் மாற்றி. அவள் ஒருத்திதான் அப்படி வைப்பாள். நான் திட்டத் திட்ட மாற்றித்தான் வைப்பாள். அவசரத்தில் அப்படியே காலை நுழைத்துத் தடுமாறி, "ஏய் வாலு" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டேன்.

நானும் சும்மா இல்லை. என் கைக்கு வந்த சீட்டுக்குத் தினம் ஒன்று செய்கிறேன். அவள் பென்சிலெல்லாம் சீவி வைத்தேன். பள்ளிப் பையின் அறுந்த வாரைத் தைத்தேன். இன்று அவள் சைக்கிளுக்குக் காற்றடித்தேன். எதிரே வந்த மூன்றாம் மாடி நர்ஸம்மா சைக்கிளைப் பிடித்துக்கொண்டார்.

வாலு அம்மா

டிசம்பர் 28

அன்புள்ள வாலு அம்மாவுக்கு,

ஒப்புக்கொள்கிறேன். கீழ்வீட்டுப் போட்டோக்காரருக்குப் போன் செய்து, உனக்கு யாரும் இல்லை, ஏதாவது செய்யுங்கள் என்று கேட்டேன். நான் கொண்டுவந்திருந்த மாற்றுச் சாவியை உன் கடிதம் கிடைத்த அன்று காலையே நம் ஊர்ப் பேருந்து டிரைவரிடம் கொடுத்து அனுப்பினேன். மிதியடியும் குழாயும் நான் சொன்னவை.

செருப்பைப் பற்றி நான் சொல்லவில்லை. தற்செயலாக இருக்கும். ஒருவேளை நீயே கழற்றிப் போட்டது அப்படிக் கிடந்திருக்கும். அவரிடம் கேட்டுவிட்டு எனக்கு எழுது. எழுதும்வரை எனக்கு நிம்மதி இருக்காது.

வாலு அப்பா

டிசம்பர் 29

வாலு அப்பாவுக்கு,

போட்டோக்காரர் இருபத்து நான்காம் தேதி மாலையே மகள் வீட்டுக்குக் கிளம்பிப் போய்விட்டார். போகும்போது சாவியை நர்ஸம்மாவிடம் கொடுத்திருக்கிறார். அவர் அதை அன்றைக்கே மிதியடிக்கு அடியில் வைத்துவிட்டு, சொல்ல மறந்துவிட்டாராம். இன்று தூக்கிப் பார்த்தேன். ஐந்து நாள் தூசி அதன்மேல் இருந்தது. போட்டோக்காரருக்குப் போன் செய்தும் கேட்டேன். "ரெண்டே ரெண்டுதாம்மா செஞ்சேன், அதுக்கப்புறம் நான் ஊர்லயே இல்லையே" என்றார்.

இதற்கிடையே இன்னும் நான்கு காரியம் நடந்துவிட்டது. ஒருநாள் கொடித்துணி மடித்திருந்தது. ஒருநாள் என் மூக்குக் கண்ணாடி துடைத்திருந்தது. ஊருக்கெல்லாம் கண்ணாடி துடைக்கிற எனக்குத் துடைத்துத் தர ஒரு ஆள். நேற்று செடிக்குத் தண்ணீர்.

இன்று நிலைக்கண்ணாடி. அவளுக்கு எட்டுகிற வரைக்கும்தான் துடைப்பாள், மேலே அழுக்குக் கோடு தெரியும், மிச்சம் என் பங்கு, ஞாபகமிருக்கிறதா? இன்றும் கோடு இருக்கிறது. ஆனால் அந்த இடத்தில் இல்லை. போன வருடம் சுவிட்ச் போர்டின் கீழ்விளிம்பு வரைதான் அவள் கை போகும். இன்றைய கோடு அதற்கு மேலே நான்கு விரற்கடை இருக்கிறது. கடையிலிருந்து ஸ்கேல் கொண்டுவந்து அளந்தேன். மார்ச்சிலிருந்து ஒன்பது மாதம். பிள்ளைகள் அவ்வளவு வளர்வார்கள்தானே?

எனக்குப் பயமில்லை என்று எழுதினால் பொய். ஆனாலும் கடையிலிருந்து ஓடித்தான் வருகிறேன், இன்று என்ன செய்திருக்கிறாள் என்று பார்க்க. இன்னும் இரண்டு நாள். ஐந்து மணிக்கு யார் தட்டினாலும் நாம் இரண்டு பேரும் சேர்ந்து திறக்க வேண்டும். தனியாகத் திறந்தால் நான் என்ன ஆவேன் என்று எனக்கே தெரியவில்லை.

வாலு அம்மா

டிசம்பர் 30

அன்புள்ள என் மனைவிக்கு,

நாளைக் காலைப் பேருந்தில் வருகிறேன். லீவு கேட்கவில்லை, சொல்லிவிட்டேன். நாலரைக்கெல்லாம் வந்துவிடுவேன். இந்தக் கடிதம் உன் கைக்கு மதியமே வந்துவிடும் என்று கூரியர்க்காரர் சொல்கிறார்.

ஒன்றை எழுதிவிடுகிறேன், நேரில் எனக்கு வாய் வராது. மார்ச்சில் அன்று இரவு அவளுக்குக் காய்ச்சல் ஏறியபோது நீ ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றாய். நான் "காலைல பார்க்கலாம்" என்றேன். அவள் காலையைப் பார்க்கவில்லை. அதை நீ சொல்லிக்காட்டுவாய் என்று பயந்துதான் எட்டு மாதம் முன்பு இங்கே ஓடி வந்தேன். நீ சொல்லவே இல்லை. நானே தினம் சொல்லிக்கொள்கிறேன்.

நான் வரும்வரை கதவைத் திறக்காதே. ஐந்து மணிக்கு நம் கதவைத் தட்டுவது நானாகத்தான் இருக்க வேண்டும். உனக்கு இனிமேல் தினம் ஒரு நல்ல காரியம் செய்ய ஒரு ஆள் வேண்டும் என்றால், அது உயிரோடு இருக்கிற நான்தான்.

உன் கணவன்

டிசம்பர் 31, மாலை 5.50

உன் கதவுக்கு முன்னால் உட்கார்ந்து எழுதுகிறேன். கதவுக்கு அடியில் தள்ளுகிறேன், எடுத்துப் படி.

நாலு நாற்பதுக்கே கீழே வந்துவிட்டேன். லிஃப்ட் இரண்டாம் மாடிக்கும் மூன்றாம் மாடிக்கும் நடுவில் நின்றுவிட்டது. இருபது வருடம் இதே வேலை, திறக்காத கதவை எனக்குத் திறக்கத் தெரியும். இன்று முடியவில்லை. ஐந்து மணிக்கு எல்லா மாடியிலும் கதவு தட்டும் சத்தமும் சிரிப்பும் கேட்டது. ஐந்து இருபதுக்குத் தானாகவே கிளம்பியது. பார்த்தேன், ஒரு பழுதும் இல்லை.

அரை மணி நேரமாகத் தட்டுகிறேன். நான்தான், நான்தான் என்று தொண்டை வற்றிவிட்டது. மிதியடிக்கு அடியில் கிடந்த என் சாவி நுழையவில்லை, பூட்டில் உள்பக்கம் உன் சாவி இருக்கிறது. பேச்சுச் சத்தம் கேட்கிறது. டிவியாக இருக்க முடியாது, டிவியை நான் எடுத்துப் போய்விட்டேன். நீ சிரிக்கிறாய். நீ சிரித்துக் கேட்டு எவ்வளவு நாளாயிற்று. யாரோடு சிரிக்கிறாய்? திற.

ஜனவரி 2

வாலு அப்பாவுக்கு,

நர்ஸம்மா உங்களைத் தன் வீட்டுக்குக் கூட்டிப்போய்த் தண்ணீர் கொடுத்து, காலைப் பேருந்துக்கு அனுப்பிவைத்ததாகச் சொன்னார். அவரும் நன்றாக இருக்கட்டும், உங்கள் சீட்டு கைக்கு வராமலே செய்திருக்கிறார்.

உங்கள் கடிதம் மதியமே வந்தது. நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு வெகுநேரம் அழுதேன். உங்களை மன்னித்துவிட்டேன் என்று சொல்லத்தான் நாற்காலியைக் கதவருகே போட்டு உட்கார்ந்திருந்தேன். நாலே முக்காலுக்கு லிஃப்ட் சத்தம் கேட்டது, நின்றது. சரியாக ஐந்து மணிக்குக் கதவு தட்டப்பட்டது. தாழ்ப்பாளுக்குக் கீழே, தணிவாகத் தட்டும் சத்தம். உங்களுக்காகக் காத்திருக்க வேண்டும் என்றுதான் நினைத்தேன், சத்தியமாக. அப்போது வெளியிலிருந்து "நான்தாம்மா" என்று குரல் வந்தது. எந்தத் தாய் அதற்குமேல் உட்கார்ந்திருப்பாள்?

திறந்தேன்.

என்ன பார்த்தேன் என்று எழுத முடியாது. வளர்ந்திருக்கிறாள். கை மட்டும் ஜில்லென்று இருக்கிறது, போர்வை போட்டும் சூடேறவில்லை. நீங்கள் தட்டத் தொடங்கியதும் பயந்து என் புடவைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். "அப்பாவுக்குத் திறக்கட்டுமா?" என்று கேட்டேன். "திறந்தா நான் போயிடணும்மா, ஒரு சீட்டுக்கு ஒரு ஆள்தான்" என்றாள். அது நம் கமுக்கத்தின் விதிதான், யாரும் மாற்ற முடியாது. நீங்கள் அரை மணி நேரம் தட்டினீர்கள். நாங்கள் இரண்டு பேரும் கேட்டுக்கொண்டுதான் இருந்தோம்.

கடையில் இன்று விலகல் கடிதம் கொடுத்துவிட்டேன். அவளைத் தனியாக விட்டுப் போக முடியாது. உங்கள் மேல் எங்களுக்கு ஒரு கோபமும் இல்லை. ஆனால் இனிமேல் வராதீர்கள். உங்கள் கடிதங்களையும் நிறுத்திவிடுங்கள், தபால்காரர் கதவைத் தட்டினால்கூட அவள் நடுங்குகிறாள்.

வாலு அம்மா