நான்காம் மெஷினின் தோட்டப் பெட்டி

பாசிர் கூடாங்
மார்ச் 9

அன்புள்ள வினிஃப்ரெட் அக்காவுக்கு,

சாந்தினி எழுதுவது. நலமா என்று போனில் கேட்கலாம் என்றால் உங்கள் தம்பி கிரகோரி எடுத்து, அக்கா தூங்குறாங்க என்கிறார். காலையில் கூப்பிட்டாலும் தூக்கம், சாயங்காலம் கூப்பிட்டாலும் தூக்கம். நைட் ஷிப்டில் விட்டுப்போன தூக்கத்தை எல்லாம் யோங் பெங்கில் தூங்கித் தீர்க்கிறீர்கள் போலிருக்கிறது. உங்கள் கைப்பேசிக்கு அனுப்பிய எதுவும் போய்ச் சேரவில்லை. அதனால்தான் பள்ளிக்கூடத்தை விட்ட பிறகு முதல் தடவையாகக் கடிதம் எழுதுகிறேன். நம் கம்பெனி பஸ் ஓட்டும் ஐயாசாமிக்கு யோங் பெங்கில்தான் மாமியார் வீடு. அவர் கொண்டுவந்து கொடுப்பார். கையெழுத்தைப் பார்த்துச் சிரிக்க வேண்டாம்.

முதலில் என் வீட்டுச் சேதி. என் பையன் கவினுக்கு ஒரு வழியாக வேலை கிடைத்துவிட்டது. கெலாங் பாத்தாவில் ஒரு கிடங்கில். சம்பளம் சுமார்தான், ஆனால் வீட்டில் படுத்துக்கொண்டு போனைத் தடவுவதற்கு இது எவ்வளவோ மேல். இதை நான் உங்களிடம் காலை ஏழு மணிக்குச் சொல்லியிருக்க வேண்டும். ஒன்பது வருஷமாக என் வீட்டுச் சேதி எல்லாம் உங்களுக்கு அந்த நேரத்தில்தான் வந்தது. நீங்கள் இரவு ஷிப்டை முடித்து நான்காம் மெஷினை என்னிடம் ஒப்படைக்கும் பத்து நிமிடம். எண்ணெய் பேக்கெட்டின் வாயை ஒட்டும் இடத்தில் சூடு பத்தவில்லை, இடது பக்கம் முரண்டு பிடிக்கிறது என்று மெஷினைப் பற்றி நாலு வார்த்தை சொல்வீர்கள். மீதி எல்லாம் பிள்ளைகள், நாத்தனார், முதுகுவலி.

உங்கள் வீட்டுக் கிறிஸ்துமஸுக்கு நான் ஒரு தடவைகூட வந்ததில்லை. என் வீட்டுத் தீபாவளிக்கு நீங்கள் வந்ததில்லை. நான் விழித்திருக்கும்போது உங்களுக்குத் தூக்கம், நீங்கள் விழித்திருக்கும்போது எனக்குத் தூக்கம். அப்படியும் என் கூடப்பிறந்தவளுக்குத் தெரியாதது உங்களுக்குத் தெரியும்.

இப்போது ஒரு வேடிக்கையைக் கேளுங்கள். கம்பெனியில் தோட்டம் போடுகிறார்கள். ஆபீஸில் லோஷினி என்று ஒரு பெண் புதிதாக வந்திருக்கிறாள். அவள் யோசனை. உங்களுக்குக் கையில் அடிபட்டதிலிருந்து எல்லாரும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வேலை செய்கிறோமாம். எல்லாரும் சேர்ந்து செடி வளர்த்தால் மனசு லேசாகுமாம். இரண்டு விரல் போனதற்குக் கத்தரிச் செடியா என்று நான் கூட்டத்திலேயே கேட்டுவிட்டேன். அவள் முகம் சுருங்கிப்போனது. பிறகு பாவமாகவும் இருந்தது. மெஷினுக்குக் கதவு போடாதது அவளா என்ன?

மோட்டார் சைக்கிள் நிறுத்தும் இடத்தை ஒட்டி, உடைந்த பாலெட் கட்டைகளைக் குவித்து வைத்திருந்தார்களே, அந்த இடம்தான். அதே கட்டைகளை அறுத்துப் பெரிய பெட்டிகளாக அடித்து, ஒரு லோரி மண் வாங்கி நிரப்பியிருக்கிறார்கள். கெபுன் கித்தா, நம் தோட்டம் என்று மலாயில் ஒரு போர்டும் வைத்தாகிவிட்டது. ஆளுக்கு ஒரு பெட்டி வைக்க இடமில்லை. அதனால் மெஷினுக்கு ஒரு பெட்டி, அந்த மெஷினின் மூன்று ஷிப்டுக்கும் பொது. நான்காம் மெஷின் பெட்டியில் காலைக்கு நான், மதியத்துக்குக் காளிதாஸ். இரவுக்கு உங்கள் பெயரை எழுதலாமா என்று லோஷினி யோசித்துக்கொண்டு நின்றாள். அதற்குள் காளிதாஸ் பிரஷை வாங்கி எழுதிவிட்டார். ஆங்கில எழுத்தில், வெள்ளைப் பெயின்ட். லேசில் போகாது.

வேலை விஷயத்துக்கு வருகிறேன். எடை பார்க்கும் பகுதியில் உங்களுக்காக ஓர் இடம் வைத்திருக்கிறார்கள். உட்கார்ந்த இடத்தில் பேக்கெட்டின் எடை சரியா என்று பார்ப்பது. இடது கை போதும். காலை ஷிப்ட். அதாவது நாம் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் விழித்திருப்போம். ஏப்ரல் முடிவதற்குள் நீங்கள் பதில் சொல்ல வேண்டும். ஒன்றும் சொல்லாவிட்டால் வேலையை விட்டுவிட்டதாக எடுத்துக்கொள்வார்களாம். இதைக் கிரகோரியிடம் சொல்லியிருந்தேன். அவர் உங்களிடம் சொன்னாரோ, இல்லை நீங்கள் அப்போதும் தூங்கினீர்களோ, தெரியவில்லை.

நீங்கள் ஏன் தலையைக் காட்டாமல் இருக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும். மெஷின் நிற்காமல் உள்ளே கை விடாதே என்று ஊருக்கெல்லாம் சொன்னவர் நீங்கள். அப்படிச் சொன்னவளே கையை விட்டுவிட்டாளே என்று பேசுவார்கள் என்ற எண்ணம். பேசினார்கள் அக்கா, மறைக்க மாட்டேன். இரண்டு வாரம் கேண்டீனில் அதே பேச்சு. அதற்குள் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் ஒருவர் ரகசியமாக இரண்டாம் கல்யாணம் செய்துகொண்டது வெளியே வந்தது. அத்தோடு உங்களை விட்டுவிட்டார்கள். ஊர்வாய் அவ்வளவுதான். இப்போது மெஷினுக்குப் புதுக் கதவு போட்டிருக்கிறார்கள். திறந்த உடனே தானாக நின்றுவிடுகிறது. இதை முன்னாலேயே போட்டிருந்தால் குறைந்தா போயிருப்பார்கள்? கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம்.

கையை நனைக்காதீர்கள். வேளாவேளைக்குச் சாப்பிடுங்கள். எழுத முடியாவிட்டால் ஐயாசாமியிடம் வாய்வார்த்தையாகச் சொல்லி அனுப்புங்கள், போதும்.

இப்படிக்கு,
உங்கள் அன்புத் தங்கை
சாந்தினி


பாசிர் கூடாங்
ஏப்ரல் 20

அன்புள்ள அக்காவுக்கு,

சாந்தினி மறுபடியும் எழுதுவது. ஒன்றரை மாதம் பொறுத்துப் பார்த்தேன். போன வாரம் பஸ்ஸில் வரும்போது ஐயாசாமி, கொட்டாவி விட்டுக்கொண்டே, ஆமா அன்னைக்கு வினி அக்கா ஒண்ணு கேட்டாங்கம்மா, சொல்ல மறந்துட்டேன் என்றார். கடிதத்தைக் கிரகோரி வாங்கிக்கொண்டாராம். நீங்கள் வெளியே வரவில்லையாம். இவர் கிளம்பும் நேரத்தில் உள்ளேயிருந்து உங்கள் குரல் மட்டும் வந்ததாம். இப்ப அந்த மெஷின யாரு பாக்குறா என்று கேட்டீர்களாம். இதைச் சொல்ல அந்த மனுஷருக்கு ஒரு மாதம் ஆகியிருக்கிறது. நான் தலையில் அடித்துக்கொண்டேன்.

நீங்கள் கேட்டதற்குப் பதில். இரவில் இப்போது கேசவ் என்று ஒரு நேபாளத்துக்காரர் பார்க்கிறார். நாற்பது வயது இருக்கும். நல்ல வேலைக்காரர், குறை சொல்ல ஒன்றுமில்லை. மெஷினைத் துடைத்துப் பளபளவென்று வைத்திருக்கிறார். ஆனால் அவருக்குத் தமிழ் தெரியாது, மலாயும் அரைகுறை. காலையில் என்னைப் பார்த்ததும் மெஷினைக் காட்டிக் கட்டைவிரலைத் தூக்குவார். நானும் தூக்குவேன். ஒப்படைத்தாகிவிட்டது. மீதி நேரம் நான் சும்மா நிற்கிறேன்.

தோட்டக் கதையைச் சொல்லாமல் விட்டால் எனக்கு மண்டை வெடித்துவிடும். மார்ச் கடைசியில் எல்லாப் பெட்டியும் படுத்துவிட்டது. முதலில் இலை மஞ்சளானது, பிறகு தண்டு அடியில் கறுத்து அழுகியது. கத்தரி, மிளகாய், வெண்டை எல்லாம் போயிற்று. கங்கோங் கீரை மட்டும் கொழுகொழுவென்று நின்றது. லோஷினி இது ஏதோ நோய் என்று மருந்து வாங்கி வந்து அடித்தாள். பூசை போடாமல் ஆரம்பித்தால் இப்படித்தான் என்றார்கள் சிலர். கண்ணு பட்டுவிட்டது என்றார்கள் சிலர். அழுகிப்போன வெண்டைச் செடியின் மேல் யார் கண் வைப்பார்கள் என்று தெரியவில்லை. எனக்கும் காரணம் தெரியாது என்பதால் வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

ஒரு நாள் ஓவர்டைம் பார்த்துவிட்டு வெளியே வந்தேன். ஜோகூர் மழை உங்களுக்குத் தெரியாததா, கொட்டு கொட்டென்று கொட்டுகிறது. அந்த மழையில் காளிதாஸ் ஒரு கையில் குடை, ஒரு கையில் வாளியோடு செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு நிற்கிறார். அலமாக், உங்களுக்கென்ன புத்தி கெட்டுப்போச்சா என்று கேட்டேன். அவர் திரும்பிப் பார்த்து, காலை ஷிப்டு எங்க ஊத்துது, நான் ஒருத்தன் ஊத்துறதாலதான் இதாவது நிக்குது, மழைய நம்பி விட முடியுமாலா என்றார்.

எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. நாள் தவறாமல் ஒரு வாளி ஊற்றுகிறவள் நான். மதிய ஷிப்ட் சோம்பேறிகள், இரவு ஷிப்ட் தோட்டத்துப் பக்கமே வராது என்று திட்டிக்கொண்டே செடிகளுக்கு வயிறார ஊற்றிவந்தேன். மறுநாள் கேசவிடம் சைகையில் விசாரித்தால், அவர் பெருமையாக இரண்டு விரலைக் காட்டுகிறார். இரண்டு வாளி! அடுத்த பெட்டிக்காரர்களைக் கேட்டோம். அங்கேயும் இதே கதை. மூன்று ஷிப்டும் ஒன்றை ஒன்று நம்பாமல், போட்டி போட்டுக்கொண்டு செடிகளை மூழ்கடித்திருக்கிறோம். லோஷினி சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் நின்றாள். நானும்தான். மெஷினை விட்டுப் போகும்போது அடுத்த ஆளிடம் சொல்லிவிட்டுப் போகிறோம். செடியைப் பற்றி யாரும் யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவ்வளவுதான் நோய்.

இப்போது பெட்டிக்கு ஒரு குச்சி நட்டு வைத்திருக்கிறோம். காலையில் நான் ஊற்றியதும் அந்தக் குச்சியில் ஒரு காலி மைலோ டின்னைக் கவிழ்த்துவிடுவேன். டின் இருந்தால் அன்றைக்கு யாரும் ஊற்றக் கூடாது. கேசவ் வீட்டுக்குப் போகும்போது எடுத்து வைத்துவிடுவார். புது நாற்றும் நட்டாகிவிட்டது, பிடித்துக்கொண்டது.

கங்கோங்கை விட்டால், பழைய செடிகளில் எங்கள் பெட்டியில் பிழைத்தது ஒன்றுதான். உங்கள் பெயர் எழுதிய மூலையில் இருந்த கத்தரி. அதிசயம் ஒன்றுமில்லை, அந்தப் பக்கத்துப் பலகையைச் சரியாக அடிக்கவில்லை, தண்ணீர் இடுக்கு வழியாக வடிந்துவிட்டது. ஆனால் கேசவ் அந்தப் பெயரைச் செடியின் பெயர் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார். கட்டைவிரலைத் தூக்கிய பிறகு தோட்டத்துப் பக்கம் கையைக் காட்டி, வினிஃப்ரெட் ஓகே என்கிறார். தினமும். காளிதாஸ் இதைக் கேட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கேசவிடம் உண்மையைச் சொல்லவும் இல்லை.

இனி சுற்றி வளைக்காமல் எழுதுகிறேன். மாதம் முடியப் போகிறது. அந்த வேலை வேண்டுமா வேண்டாமா என்பது உங்கள் இஷ்டம். கை உங்களுடையது, வலியும் உங்களுடையது. ஆனால் எனக்கு உங்கள் மேல் கோபம் இருக்கிறது. அது வேலைக்காக அல்ல.

அன்று காலை எங்கள் பஸ் கேட்டுக்குள் திரும்பும்போது ஓர் ஆம்புலன்ஸ் வெளியே போனது. பக்கத்தில் இருந்தவளிடம், பாவம் யாரோ என்று சொன்னேன். சொல்லிவிட்டு என் பையில் கேசரி டப்பா சாய்ந்துவிட்டதா என்று பார்த்தேன். அது உங்களுக்குக் கொண்டுவந்த கேசரி. உள்ளே வந்தால் நான்காம் மெஷின் நின்று கிடந்தது. அதன் மேல் உங்கள் மூக்குக்கண்ணாடி இருந்தது. ஒன்பது வருஷத்தில் அன்று ஒரு நாள்தான் யாரும் என்னிடம் மெஷினை ஒப்படைக்கவில்லை. ஆஸ்பத்திரிக்கு வந்தபோது, யாரையும் பார்க்க வேண்டாம் என்று சொல்லிவிட்டீர்கள் என்றார்கள். யாரையும் என்றால் அதில் நானுமா? இதைத்தான் மூன்று மாதமாக நினைத்து நினைத்து அழுகிறேன்.

கண்ணாடி என்னிடம் பத்திரமாக இருக்கிறது. இந்தக் கடிதத்தோடு ஐயாசாமியிடம் கொடுத்து அனுப்பலாம். அனுப்ப மாட்டேன்.

வரும் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஐயாசாமி காரில் பாசிர் கூடாங்குக்குத் திரும்புகிறார். உங்களையும் ஏற்றிக்கொள்ளச் சொல்லியிருக்கிறேன், மறந்தால் தோலை உரிப்பேன் என்றும் சொல்லியிருக்கிறேன். என் வீட்டில் தங்குங்கள். திங்கள் காலை என்னோடு பஸ்ஸில் வாருங்கள். ஆபீஸ் பக்கம் போக வேண்டாம், மெஷினைப் பார்க்க வேண்டாம். தோட்டத்தோடு நின்றுவிடலாம். மெஷின் எப்படி ஓடுகிறது என்று நான் சொல்கிறேன். நீங்கள் எப்படி இருக்கிறீர்கள் என்று நீங்கள் சொல்லுங்கள். பத்து நிமிடம் போதும். அதற்குப் பிறகு வேலை வேண்டாம் என்றாலும் சரி என்பேன். கண்ணாடியையும் கொடுத்துவிடுவேன்.

உங்கள் மாதாவிடமும் என் மாரியம்மனிடமும் ஒரே வேண்டுதலைத்தான் வைத்திருக்கிறேன். யார் ஷிப்டில் நடந்தாலும் எனக்குச் சம்மதம். உங்கள் கை வலி குறையட்டும். நல்லபடியாக வந்து சேருங்கள், அக்கா.

ஏழு மணிக்குத் தோட்டத்தில் நிற்கும்,
சாந்தினி