அடித்துணி போதவில்லை

அன்புள்ள வெண்டலுக்கு,

முழங்கால் வலி தேவலையா? மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். முதியோர் இல்லத்து வேலை என் இடுப்பை ஒடிக்கிறது. மற்றபடி இங்கே ஃபார்கோ நகரத்தில் நான் சௌக்கியம்.

வீட்டிலிருந்து கொண்டுவந்த நம் ஒட்டுத்துணிப் போர்வையைத் தைத்து முடிக்க, நேற்று மார்லிஸின் தையல் கடையில், அகலத் துணியை விரித்துத் தைக்கும் பெரிய லாங்ஆர்ம் மெஷினை இரண்டு மணி நேரம் வாடகைக்கு எடுத்தேன். உருளையில் மாட்டினால், மேல்துணியில் பாதிதான் இருக்கிறது நான் வெட்டிய அடித்துணி.

"எந்தக் கட்டிலப் பாத்துடி வெட்டுன?" என்று சிரித்தாள் மார்லிஸ்.

என் அறையின் ஒற்றைக் கட்டிலை அளந்து வெட்டியிருக்கிறேன். நானும் சிரித்தேன். கட்டிய வாடகைக்கு அங்கேயே நாற்காலியில் தூங்கிவிட்டு வந்தேன்.

மேல்துணியை அளந்தாலே போதும் என்கிறாள் அவள். இருந்தாலும் நம் கட்டிலை, என் பக்கத்தையும் சேர்த்து, அளந்து எழுதுங்கள்.

வேலைக்குப் போகிற பஸ் வந்துவிட்டது.

ஆர்லீன்