சீராக வந்த கன்றுகள்

தாண்டிக்குடி,
2-12-2024.

மதிப்பிற்குரிய சம்பந்தி சேனாதிபதி அவர்களுக்கு,

செல்வமுருகன் வணக்கத்துடன் எழுதுவது. இங்கே நானும் சண்முகவள்ளியும் சுகம். அங்கே தாங்களும், வீட்டம்மாவும், மாப்பிள்ளை பாலமுருகனும், எங்கள் ஜோதிமணியும் சுகம் என்று எழுதவேண்டியது முறை. எழுத முடியவில்லை. காரணத்தைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

கையில் செல்போனை வைத்துக்கொண்டு கடிதம் எழுதுகிறானே என்று சிரிப்பீர்கள். போன வாரம் மூன்று தடவை உங்களைக் கூப்பிட்டேன். மூன்று தடவையும் போடி மலையில் மழை எப்படி என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டேன். மூன்றாவது தடவை, உங்களுக்கு வானிலை வாசிக்கிற வேலை கிடைத்துவிட்டதா சம்பந்தி என்று கேலி செய்தீர்கள். நானும் சிரித்தேன். வாய்விட்டுச் சொல்ல எனக்குத் தைரியம் கிடையாது, அவ்வளவுதான் விஷயம்.

இங்கே காப்பிப் பழம் பறிப்பு ஆரம்பித்துவிட்டது. ஆள் கிடைப்பது பெரும்பாடு. சண்முகவள்ளிக்கு மூட்டுவலி குறையவில்லை, ஆனாலும் கூடையைத் தூக்கிக்கொண்டு முதல் ஆளாக இறங்குகிறாள். மிளகு இந்த வருஷம் பரவாயில்லை. வாழை மட்டும் இல்லை. மேட்டுச்சரிவு முழுக்க வெறும் மண்ணாகக் கிடக்கிறது.

இந்தச் சரிவைப் பற்றித்தான் சொல்லவேண்டும். நீங்கள் காப்பிக்காரர், மலைவாழை உங்களுக்குப் புதிது. சோலைக்காட்டில் தானாக முளைக்கிற வாழையை உரித்துப் பார்த்திருப்பீர்கள். உள்ளே மிளகு மிளகாக விதை, தின்ன முடியாது. எப்போதோ விதையில்லாமல் ஒன்று காய்த்திருக்கிறது. யாரோ அதன் அடியிலிருந்து கன்றைப் பெயர்த்து நட்டிருக்கிறார்கள். அதன் கன்று, அந்தக் கன்றின் கன்று என்றுதான் நம் கைக்கு வந்து, பழனிப் பஞ்சாமிர்தம் வரைக்கும் போகிறது. விதையில்லாத பழத்துக்கு இதுதான் வழி. இதில் ஒரு வில்லங்கம் உண்டு. கன்று என்பது புதுச்செடி இல்லை, அதே தாய்தான். தாயின் ருசி அப்படியே வரும், தாயின் நோயும் அப்படியே வரும்.

போன சித்திரையில் என் சரிவில் இரண்டு தூரில் முடிக்கொத்து நோய் கண்டது. இலைகள் விரியாமல் உச்சியில் கொத்தாக விறைத்து நிற்கும், காம்பில் கரும்பச்சையாகக் கோடு கோடாக இருக்கும். தோட்டக்கலை அதிகாரி அம்மா வந்து பார்த்தார். இலைக்கு அடியில் அசுவினிப் பூச்சியைக் காட்டி, இது பக்கத்துத் தூர்களுக்கும் கொண்டுபோயிருக்கும், வெளியே தெரிய நாளாகும் என்றார். "இந்தத் தோட்டத்துல இருந்து ஒரு கன்னுகூட வெளிய போகக் கூடாதுங்க" என்று என் முகத்தைப் பார்த்துச் சொன்னார். நான் தலையாட்டினேன்.

அதற்கு ஒரு மாதத்துக்கு முன்னால்தான் நிச்சயதார்த்தத்தில் சபை நடுவே எழுந்து நின்று, என் சொந்தத் தோட்டத்து மலைவாழைக் கன்று முந்நூறு சீராகத் தருகிறேன் என்று சொல்லியிருந்தேன். உங்கள் பெரியப்பா கூட, வாங்கின கன்றா சொந்தக் கன்றா என்று இரண்டு தடவை கேட்டுக்கொண்டார். ஆய்வுக்கூடத்தில் வளர்த்த சுத்தமான கன்று வேண்டுமானால் பதிவு செய்துவிட்டுத் தை வரைக்கும் காத்திருக்க வேண்டும் என்றார்கள். காத்திருந்திருக்கலாம். ஒரு வார்த்தை உங்களிடம் சொல்லியிருந்தால் நீங்களே சரி என்றிருப்பீர்கள். தோட்டத்தில் நோய் என்று சம்பந்தி வீட்டில் சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது. அந்த இரண்டு தூரையும் நானே வெள்ளனே போய்த் தோண்டி எறிந்துவிட்டு, காட்டுமாடு மிதித்துவிட்டது என்று சண்முகவள்ளியிடம்கூடப் பொய் சொன்னேன். பக்கத்து வரிசைகளில் பார்வைக்கு நன்றாக இருந்த கன்றுகளாகப் பொறுக்கி, ஆனி மாதம் உங்கள் வீட்டுக்கு லாரி ஏற்றினேன். பார்வைக்கு நன்றாகத்தான் இருந்தன. அந்த அம்மா சொன்னது என் காதில் கேட்டுக்கொண்டேதான் இருந்தது.

உங்கள் வீட்டு வழக்கப்படி புது மருமகள் கையால் முதல் கன்றை நடவைத்தீர்கள். போட்டோ அனுப்பினீர்கள். சேலையைச் செருகிக்கொண்டு, முழங்கை வரை மண்ணோடு சிரிக்கிறாள். பாதித் தோட்டம் இலை விரியாமல் கொத்தாக நிற்கிறது என்று போன மாதம் நீங்கள் சொன்னபோது, வீட்டில் பெண்கள் கைராசி என்று ஏதோ பேசிக்கொள்கிறார்கள், நான் காதில் வாங்குவதில்லை என்றீர்கள். உங்கள் பெருந்தன்மை. ஆனால் அவள் காதில் விழுந்திருக்கிறது. காப்பி நாற்றுப் போடும் நாளில் அவளை வீட்டிலேயே இருக்கச் சொல்லியிருக்கிறார்கள். போன ஞாயிற்றுக்கிழமை அம்மாவிடம் போனில், "எங் கைதான் சரியில்ல போலம்மா. அத்தைய ஒண்ணும் சொல்லாதீங்க" என்றாள். ஸ்பீக்கரில் நானும் கேட்டுக்கொண்டிருந்தேன். அப்பா இருக்கிறாரா என்று கேட்டாள். தோட்டத்துக்குப் போய்விட்டார் என்று சொல்லச் சொல்லிக் கையைக் காட்டினேன். எதிரில் உட்கார்ந்துகொண்டு, பெற்ற பிள்ளைக்கு ஒரு வார்த்தை சொல்லாத அப்பன் நான்.

சம்பந்தி, அவள் கையில் ஒன்றும் இல்லை. நோய் என் தோட்டத்திலிருந்து வந்தது. தெரிந்தே அனுப்பினேன்.

இடைவெளியில் நட இன்னும் நூறு கன்று கேட்டிருந்தீர்கள். வேண்டவே வேண்டாம். கீழ்த்தோட்டத்துக்காரர் உங்களிடம் கன்று கேட்டதாகச் சொன்னீர்களே, கொடுத்திருந்தால் இன்றே போய்ச் சொல்லிவிடுங்கள், என் பெயரைச் சொல்லியே சொல்லுங்கள். முதலில் அசுவினிக்கு மருந்து அடிக்கவேண்டும். அடிக்காமல் வெட்டினால் பூச்சி பறந்து அடுத்த தோட்டத்துக்குப் போய்விடும். அதற்குப் பிறகு, கொத்தாக நிற்பது மட்டுமில்லை, நன்றாக நிற்பதையும் சேர்த்து, கிழங்கோடு தோண்டி அழிக்கவேண்டும். என் சரிவில் அப்படித்தான் செய்திருக்கிறேன். சண்முகவள்ளியிடம் நேற்று உண்மையைச் சொன்னேன். சோறு போட்டுவிட்டு, கூடையைத் தூக்கிக்கொண்டு தோட்டத்துக்கு இறங்கிவிட்டாள்.

உங்கள் தோட்டத்தைத் தோண்ட நானே வருகிறேன். சனிக்கிழமை முதல் பஸ்ஸில் கிளம்பினால் மதியத்துக்குள் வந்துவிடுவேன். வீட்டுக்குள் கூப்பிட வேண்டாம், காப்பிக் களத்தில் படுத்துக்கொள்வேன். சபையில் சொன்ன வார்த்தையை அதே சபையில் வந்து மறுத்துச் சொல்லவும் தயார்.

ஒன்று மட்டும் கேட்கிறேன். இந்தக் கடிதம் வியாழக்கிழமை உங்களுக்குக் கிடைக்கும் என்றார்கள். அன்றைக்கே எல்லோரையும் உட்காரவைத்து மாப்பிள்ளையைச் சத்தமாகப் படிக்கச் சொல்லுங்கள். ஜோதிமணி முன்னால் இருக்கவேண்டும். சனிக்கிழமைக்குத் தள்ளிப்போட்டுவிடாதீர்கள். ஒன்றும் தெரியாமல், அப்பா வந்துவிட்டார் என்று அவள் செம்பில் தண்ணீர் எடுத்துக்கொண்டு ஓடி வந்தால், என்னால் வாங்கிக் குடிக்க முடியாது.

பிள்ளைகள் இருவரும் நன்றாக இருக்கட்டும்.

இப்படிக்கு,
தங்களை ஏமாற்றிய சம்பந்தி,
செல்வமுருகன்.