விட்டுப்போன ஒன்பது எழுத்துகள்

ஜூன் 9, 2025. செம்பாக்கம்

பக்ரீத் கறி இன்னும் பாதி ஃப்ரிட்ஜில். அக்தர் சாப்பிட்டு எழுந்த பிறகு, வழக்கம்போல என் தனித் தட்டில் சாப்பிட்டேன். "நான் உனக்குப் புருஷனா, பேயிங் கெஸ்டா?" என்றார். கேலிதான். ஆனால் 2021 ஏப்ரலில் லேபிலிருந்து கொரோனாவை வீட்டுக்குக் கொண்டுவந்தது நான்தானே? எனக்கு இரண்டு நாள் ஜலதோஷம். இவருக்குப் பதினோரு நாள் ஆக்சிஜன். அன்றிலிருந்து எனக்குத் தட்டு, டம்ளர் எல்லாம் தனி.

ஜூன் 11

எங்கள் இருவரின் பழைய சாம்பிளும் லேப் ஃப்ரீசரில் இருக்கின்றன. அவற்றின் மரபணுவைப் படித்துப் பார்க்கலாமா என்று நான் கேட்டதும் லேப் தலைவர் கனகவல்லி மேடம் சம்மதித்தார். "ஒரே வீடு. ஒருத்தருக்கு லேசு, ஒருத்தருக்கு மோசம். வைரஸ்ல என்ன மாறிச்சுன்னு பார்த்துடுவோம்." எனக்கு வேண்டியது வேறு. யார் யாருக்குக் கொடுத்தது?

ஜூன் 15

சம்மதப் படிவத்தில் அக்தர் இன்னும் கையெழுத்துப் போடவில்லை. தன் கண்ணாடிக் கடைக்கு வரும் காகிதத்தில் எல்லாம் படிக்காமலே போடுகிறவர்! "யாரு குடுத்தா இன்னா, ஷபீ? ரெண்டு பேரும் நல்லாத்தானே கீறோம்?"

ஜூன் 16

போட்டுவிட்டார். முகம்தான் சரியில்லை.

ஜூலை 3

இரண்டும் ஒரே வைரஸ். ஒரே ஒரு வித்தியாசம். வைரஸ் நுழைந்ததும் நம் செல் கூச்சல் போடும்; அதன் வாயைப் பொத்த வைரஸிடம் ஒரு புரதம் உண்டு. என்னுடையதில் அந்தப் புரதத்துக்கான மரபணுவில் ஒன்பது எழுத்துகளைக் காணோம். அவருடையதில் எல்லாம் இருக்கின்றன.

விட்டுப்போன எழுத்து தானாகத் திரும்பி வராது. அப்படியென்றால் — என்னிடமிருந்து அவருக்குப் போகவில்லை. அவரிடமிருந்துதான் எனக்கு.

வீட்டில் சொல்லவில்லை. சொன்னால் அந்தப் பாரம் அவர் தலையில் ஏறுமே?

ஜூலை 24

இரண்டு வைரஸையும் செல்களில் வளர்த்ததில் என்னுடையது அவருடையதில் பத்தில் ஒரு பங்குகூடப் பெருகவில்லை. வாய் பொத்தத் தெரியாத வைரஸ். அதனால்தான் எனக்கு வெறும் ஜலதோஷம். "அவர் சர்க்கரை நோயும் சேர்ந்திருக்கும். ஆனா இதுதான் பெரிய காரணம்" என்றார் மேடம்.

இதற்குமேல் மறைக்க முடியவில்லை; சாயங்காலம் சொல்லிவிட்டேன். அக்தர் தலையைக் குனிந்துகொண்டார். "நோன்புக்கு முன்னாடி கூடுவாஞ்சேரில கூட்டாளி காஜாவோட நிக்காஹ். ஒரே சஹன் தட்டுல நாலு பேரா உட்கார்ந்து சாப்ட்டோம். நீ திட்டுவேன்னு சொல்லல. ஆஸ்பத்திரில கிடந்தப்ப வீடியோ கால்ல 'நான்தான் கொண்டாந்தேன்'னு நீ அழுதே. அப்பவே சொல்லிருக்கணும். வாய் வர்ல."

நாலு பேர் ஒரே தட்டுல! அந்த நேரத்துல! அதைக்கூட விடு. நாலு வருஷமா நான் தனித் தட்டுல திங்கிறதைப் பார்த்துக்கினு — மனுஷனா இவரு? எனக்கு இவரை விட்டா யாரு?

ஜூலை 25, வெள்ளி

ஜும்ஆ தொழுகை முடிந்து வந்தார். பரண்மேல் கிடந்த எங்கள் கல்யாணச் சஹனைக் கழுவி, பிரியாணியைக் கொட்டி, எதிரில் உட்கார்ந்தேன். அவர் கை வைக்கத் தயங்கினார். "சாப்பிடுங்க. திட்டு அப்புறம்," என்றேன். கறித்துண்டுகளை எல்லாம் என் பக்கமே தள்ளிக்கொண்டிருந்தார்.

தனித் தட்டைப் பூனைக்கு வைத்துவிட்டேன்.